வரிசையில் ஓர் இடம்

(குமாரபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முஸ்லிம் நம்பிக்கையோடு வாழும் பால்புதுமையரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கை, திருநம்பி எனப் பலரையும் சேர்த்து இன்று அப்படி அழைக்கிறோம். இவர்களில் முஸ்லிம் வீட்டில் பிறந்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் மார்க்கத்தை விட்டுவிடவும் இல்லை. நோன்பு பிடிக்கிறார்கள், யாஸீன் ஓதுகிறார்கள், பெருநாளன்று அத்தாவின் கையைப் பிடித்து முஸாஃபஹா செய்கிறார்கள். அதே நெஞ்சில் இன்னொன்றையும் வெளியே சொல்ல முடியாமல் சுமக்கிறார்கள்.

இதைச் சென்னையில் பேசினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சென்னையில் ஒரு மஹல்லா பிடிக்காவிட்டால் இன்னொரு மஹல்லாவுக்குப் போய்த் தொழலாம். யாரும் யாருடைய பிள்ளை என்று கேட்க மாட்டார்கள். குமாரபாளையத்தில் அது நடக்காது. காவிரிக்கு இந்தக் கரையில் நாம், அந்தக் கரையில் பவானி. பாலத்தைத் தாண்டினாலும் தெரிந்த முகம்தான் எதிரே வரும். நூல் வாங்குவது, துண்டும் கைலியும் விற்பது, பெண் எடுப்பது, பெண் கொடுப்பது எல்லாமே ஒரே வட்டத்துக்குள் நடக்கிறது. ஜமாஅத்தின் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு) வீட்டுக்கு வரும், மையவாடியில் (அடக்கத் தலத்தில்) இடம் கிடைக்கும். ஒருவரை ஜமாஅத் ஒதுக்கினால் அவருக்குப் போக்கிடம் இல்லாத ஊர் இது. ஆகவே இங்கேதான் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

இன்று நான் பேசக் காரணமான கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். பெயரோ தெருவோ சொல்ல மாட்டேன். தறிப்பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருவார். குத்பா தொடங்கிய பிறகே உள்ளே நுழைவார். செருப்பு விடும் இடத்தை ஒட்டிய கடைசி ஸஃப்பில் (வரிசையில்) நிற்பார். இமாம் இரண்டாவது ஸலாம் கொடுத்து நம் பக்கம் திரும்புவதற்குள் எழுந்து போயிருப்பார். துஆவுக்கு இருக்க மாட்டார், யாருக்கும் கை கொடுக்க மாட்டார். தன் கையைப் பிடிக்கிறவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தால் அந்தக் கையை உதறுவார் என்ற பயம் அவருக்கு. ஒருநாள் என்னிடம் கேட்டார்: “நான் தொழுதா கபூல் ஆகுமா சார்? இல்லே, சும்மா குனிஞ்சு நிமிர்றேனா?”

அவர் கல்யாண உரிமையைப் பற்றிக் கேட்கவில்லை, சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அல்லாஹ்வுக்கு முன்னால் தான் நிற்பது கணக்கில் வருமா என்று கேட்டார். இந்தப் பொருளைப் பற்றி மேடைகளில் நடக்கும் வாதங்கள் எல்லாம் இந்தக் கேள்வியைத் தொடாமலே போய்விடுகின்றன.

அவருக்கு நான் சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன். கொங்கு நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர், ராவுத்தரானாலும் உருது பேசும் தக்கினியானாலும், ஹனஃபி மத்ஹபை (சட்டப் பள்ளியை)ச் சேர்ந்தவர்கள். நம் இமாம் அபூ ஹனீஃபா கி.பி. 767இல் பக்தாதில் மறைந்தார். அவர் பெயரில் வழங்கும் ‘அல்ஃபிக்ஹுல் அக்பர்’ என்ற சிறு நூல் ஹனஃபிகளின் நம்பிக்கைக் கோட்பாட்டுக்கு அடிப்படை. பெரும்பாவமே செய்தாலும், அந்தப் பாவத்துக்காக ஒரு முஸ்லிமை நாம் காஃபிர் என்று சொல்லக் கூடாது, ஈமான் உடையவர் என்ற பெயரை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. இது சும்மா எழுதிய வரி அன்று. பாவம் செய்தவனைச் சமூகத்தை விட்டே வெளியேற்றிய காரிஜிய்யாக்கள் என்ற கூட்டத்துக்கு எதிராக, ரத்தம் சிந்திய ஒரு காலத்தின் முடிவில் வந்த தீர்ப்பு. ஒரு மனிதர் பாவி என்றே வைத்துக்கொண்டாலும் அவருடைய தொழுகை தொழுகைதான். வட்டி வாங்குகிறவரும், தங்கைக்கு வாரிசுப் பங்கு கொடுக்காதவரும் முதல் ஸஃப்பில் நிற்கிறார்கள். அவர்களுடைய தொழுகை கூடுமா என்று எந்த ஜமாஅத்தும் கூடிப் பேசியதில்லை.

இதைச் சொன்னபோது அந்த இளைஞர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அதையும் அவரிடம் மறைக்கவில்லை. பாவத்தை ஹலால் என்று சொல்லாதவரைதான் இந்தப் பாதுகாப்பு. இந்த நிபந்தனையில்தான் இன்றைய சிக்கல் முழுவதும் நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் நம் நூல்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஆணும் ஆணும் உறவு கொள்வதைச் சுன்னத் ஜமாஅத்தின் நான்கு மத்ஹபுகளும் பாவம் என்றே சொல்கின்றன. இதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பாவம் என்பது ஒன்று, தண்டனை என்பது வேறு. விபச்சாரத்துக்கு உள்ளது போன்ற, வேதத்தால் விதிக்கப்பட்ட ‘ஹத்து’ இதற்கு இல்லை என்றார் அபூ ஹனீஃபா. அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் இதில் ஆசிரியரோடு மாறுபட்டார்கள். அதாவது, இந்த விஷயத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே பள்ளிக்குள் இருந்துகொண்டே வேறு வேறாகச் சொல்ல முடிந்தது. மரண தண்டனைக்கு ஆதாரமாகக் காட்டும் ஹதீஸ் அபூ தாவூத், திர்மிதி போன்ற தொகுப்புகளில் இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் இல்லை. வெள்ளிக்கிழமை மேடையில் கண்ணை மூடிக்கொண்டு “கொல்லு” என்று முழங்குகிறவர்கள் நம் இமாமைவிடப் பெரியவர்கள் ஆகிவிட முடியாது.

மதீனாவில் நடந்ததாக அபூ தாவூத் பதிவு செய்திருக்கும் ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். கையிலும் காலிலும் மருதாணி இட்ட ஒருவரை நபிகள் நாயகத்திடம் (ஸல்) கொண்டுவருகிறார்கள். இவருக்கு என்ன என்று கேட்கிறார்கள் நபியவர்கள். பெண்களைப் போல நடந்துகொள்கிறார் என்கிறார்கள். அவரை ஊருக்கு வெளியே நகீஃ என்னும் இடத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள் நபியவர்கள். கொன்றுவிடட்டுமா என்று தோழர்கள் கேட்டபோது, தொழுகிறவர்களைக் கொல்வது எனக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் விடை வருகிறது. அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஊரை விட்டு அனுப்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்த மருதாணிக் கை தொழுத கை என்பது அங்கே தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி, ஷாஃபி மத்ஹபின் தூண்களில் ஒருவர். பெண்மைச் சாயல் கொண்ட ஆண்களை அவர் இரு வகையாகப் பிரிக்கிறார். வேண்டுமென்றே அப்படி நடிக்கிறவர் ஒரு வகை. பிறவியிலேயே அப்படி இருப்பவர் இன்னொரு வகை. இரண்டாமவர் மேல் பழியும் இல்லை, பாவமும் இல்லை என்கிறார், ஏனென்றால் அது அவராகத் தேடிக்கொண்டதில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் டமாஸ்கஸில் ஓர் ஆலிம் கண்டுகொண்டதை, நடையைக் கண்டு மகனை அடிக்கும் நம் ஊர் அத்தாவுக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு நூலைக் கொஞ்சம் விரித்தே சொல்ல ஆசைப்படுகிறேன். 1197இல் மறைந்த மர்கீனானி, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள ஃபர்கானா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அவர் எழுதிய ‘ஹிதாயா’ ஹனஃபி மத்ரஸாக்களில் இன்றும் பாடநூல். வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றங்கள் முஸ்லிம் வழக்குகளுக்கு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் புரட்டின. அந்தப் பெருநூலின் கடைசிப் பகுதி ‘குன்ஸா’ என்பவர்களைப் பற்றியது. உடலால் ஆண் என்றோ பெண் என்றோ முடிவுசெய்ய முடியாதபடி பிறந்தவர்கள் அவர்கள்; இன்று இடைப்பாலினர் என்கிறோம்.

அவர் எங்கே நின்று தொழ வேண்டும்? ஆண்களின் ஸஃப்புக்கும் பெண்களின் ஸஃப்புக்கும் நடுவே. அவர் இறந்துபோனால் யார் குளிப்பாட்டுவது? ஆணும் குளிப்பாட்ட வேண்டாம், பெண்ணும் குளிப்பாட்ட வேண்டாம், தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்துவிடுங்கள் என்கிறது நூல். கஃபன் துணி எத்தனை? பெண்ணுக்குப் போல ஐந்து இடுவது நல்லது. பல ஜனாஸாக்களை ஒன்றாக வைத்துத் தொழும்போது அவருடைய மையத்தை (உடலை) எங்கே வைப்பது? இமாமுக்கு அடுத்து ஆண், அவருக்கு அப்பால் இவர், அதற்கும் அப்பால் பெண். இந்த வரிகளைப் படிக்கும்போது என் மனம் நெகிழ்ந்துவிடும். அந்த ஆலிமுக்கு இப்படிப்பட்டவர் ஒரு விதிவிலக்கு, ஒரு சிக்கல். ஆனாலும் “உனக்கு இங்கே இடமில்லை” என்று அவர் எழுதவில்லை. தொழுகை வரிசையிலிருந்து கஃபன் துணிவரை ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றிலும் அந்த மனிதருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். வாரிசுரிமையில் இரண்டு பங்கில் குறைந்த பங்கைத்தான் கொடுக்கிறார், அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று அனுப்பவில்லை.

குன்ஸாவுக்குச் சொன்ன சட்டம் ஆணை விரும்பும் ஆணுக்குப் பொருந்தாது என்று ஹஜ்ரத்மார்கள் சொல்வார்கள். சரிதான். உடலமைப்பு வேறு, நடையுடை பாவனை வேறு, விருப்பம் வேறு. ஒன்றின் சலுகையை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்ட முடியாது. அப்படி ஒட்டியதால் ஈரானில் என்ன நடந்தது என்று பாருங்கள். மர்யம் காத்தூன் மோல்காரா என்ற திருநங்கை பல ஆண்டுகள் போராடி, 1980களில் ஆயத்துல்லா கொமேனியையே நேரில் சந்தித்து, பால்மாற்று அறுவை சிகிச்சை கூடும் என்ற ஃபத்வாவைப் பெற்றார். அவருக்கு அது விடுதலை. ஆனால் அதே நாட்டில் ஆணை விரும்பும் ஆணுக்குத் தூக்குக் கயிறு காத்திருக்கிறது. அதற்குப் பயந்து, தங்களுக்கு வேண்டாத அறுவை சிகிச்சைக்குத் தள்ளப்பட்டவர்களும் உண்டு. ஒருவருக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்ததாகிவிடாது. நான் ஹிதாயாவிலிருந்து எடுத்துக்கொள்வது சட்டத்தை விட அதன் அக்கறையை.

இப்போது, பாவத்தை ஹலால் என்று சொல்லக் கூடாது என்ற அந்த நிபந்தனைக்கு வருகிறேன்.

முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனைச் சேர்ந்த இமாம். கராச்சியில் மார்க்கக் கல்வி பயின்றவர். ஒரு பெண்ணை மணந்து, பிள்ளைகள் பெற்று, பிறகு மணவிலக்கு ஆனவர். 1996இல் தான் ஆண்களை விரும்புகிறவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். இருந்த வேலை போயிற்று. தன்னைப் போன்றவர்கள் ஒளியாமல் தொழ ஒரு பள்ளிவாசலை நடத்தினார். இந்தியரான பர்வேஸ் ஷர்மா எடுத்து 2007இல் வெளியான ‘எ ஜிஹாத் ஃபார் லவ்’ என்ற ஆவணப்படத்தில் அவரைப் பார்க்கலாம். லூத் நபியின் (அலை) சமூகத்தார் அழிந்தது வழிப்பறிக்காகவும், விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்யப் பாய்ந்ததற்காகவும், நபியை மறுத்ததற்காகவும்தான்; இருவர் மனமொத்து வாழ்வதைப் பற்றி அவர்களைக் குறித்த குர்ஆன் வசனங்கள் பேசவில்லை என்பது அவருடைய வாதம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் குகிள் இதே வாதத்தை 2010இல் விரிவான நூலாகவே எழுதினார். பெண்களை விட்டு ஆண்களிடம் போகிறீர்களே என்று அந்த வசனத்திலேயே இருக்கிறதே என்பது மரபான உலமாக்களின் விடை. கேப்டவுன் உலமாக்களின் அமைப்பு ஹென்ட்ரிக்ஸின் கருத்தை மார்க்கத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. பாவத்தை ஹலால் என்கிறார் என்பதே குற்றச்சாட்டு.

2025 பிப்ரவரி 15 அன்று காரில் போய்க்கொண்டிருந்த அவரை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அவரை மறுத்த அதே உலமா அமைப்பு, கருத்தில் உடன்பாடு இல்லை, ஆனால் இந்தக் கொலையைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் கண்டிக்கிறோம் என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் உயிரோடு இருந்தபோது அவருக்கு முதுகைக் காட்டிவிட்டு, மையத்துக்கு முன்னால் கண்டனம் சொல்லும் நிலைக்கு நாம் வரக் கூடாது.

லூத் நபியின் வரலாற்றுக்கு எது சரியான விளக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் முஃப்தி அல்ல. ஒன்று மட்டும் தெரியும். அந்தத் தறிப்பட்டறை இளைஞர் போன்றவர்களில் பெரும்பாலோர் எதையும் ஹலால் என்று அறிவிக்கவில்லை, ஃபத்வாவும் கேட்கவில்லை. சிலர் குகிளைப் படித்துத் தெளிவடைகிறார்கள். சிலர் விருப்பம் பாவமில்லை, செயல்தான் பாவம் என்ற உலமாக்களின் சொல்லை ஏற்றுத் தனியாகவே வாழ்கிறார்கள். இன்னும் பலர் விடை தெரியாமலே தொழுகிறார்கள், விடை தெரியாமலே ஒருவரை நேசிக்கிறார்கள். இந்த மூன்று வகையினரில் யாரும் நம் ஜமாஅத்தை விட்டு வெளியே போனவர்கள் அல்லர். மனசாட்சிக்கும் மார்க்கத்துக்கும் இடையே உடன்பாடு காண்பது அவரவர் வேலை. வாழ்நாள் முழுக்க நீளும் வேலை. அது முடியும்வரை வாசலில் நில் என்று சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது.

நம் பக்கத்தில் திருச்செங்கோட்டு மலை இருக்கிறது, பாதி ஆணும் பாதி பெண்ணுமாக அம்மையப்பர் நிற்கிறார், கொங்கு மண்ணுக்கு இது புதிதா என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முஸ்லிம் பிள்ளைக்கு அந்த ஆறுதல் போதாது. அவருக்குத் தன் கலிமாவுக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் திண்ணை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் தன் வீட்டில் பாய் விரிக்க விடவில்லை என்ற வலி போகாது.

நம் நாமக்கல் மாவட்டம் இந்தப் பேச்சில் பின்தங்கிய மாவட்டம் அல்ல. ‘வெள்ளை மொழி’ எழுதிய ஏ. ரேவதி நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். திருநங்கையாகத் தன் வாழ்வை அவர் முதலில் நூலாக வெளியிட்டது 2010இல் ஆங்கிலத்தில். தமிழில் அடுத்த ஆண்டு வந்தது. அண்ணன்மாரின் அடி, டெல்லிக்கும் மும்பைக்கும் ஓட்டம், குருவின் வீடு, மீண்டும் ஊர், சொத்தில் பங்கு என்று அவர் எழுதியதெல்லாம் நம் தெருக்களில் நடப்பது. பிறப்பால் இந்துவான திருநங்கைகளும் போய்ச் சேரும் அந்த வடநாட்டுக் குரு வீடுகளில் இஸ்லாமியப் பழக்கங்கள் ஊறியிருக்கின்றன. தங்கள் பஞ்சாயத்தையே ஜமாத் என்கிறார்கள். டெல்லி மெஹ்ரௌலியில் லோதி காலத்து அடக்கத் தலம் ஒன்றை, ‘ஹிஜ்ரோன் கா கான்காஹ்’ என்ற பெயரில், இன்றும் திருநங்கைகளே பராமரிக்கிறார்கள். ஹைதராபாத் ஹிஜ்ராக்களோடு பழகி ஆய்வு செய்த காயத்ரி ரெட்டி 2005இல் வெளியிட்ட நூலில், எந்த மதத்தில் பிறந்திருந்தாலும் அவர்கள் தங்களை முஸ்லிம்களாகக் கருதி நடப்பதை விவரிக்கிறார். வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கூடி அமைத்த வீட்டில் நம் மார்க்கம் இருக்கிறது. நம் பள்ளிவாசலில் அவர்கள் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1858இல், கலீஃபாவின் ஆட்சியான உதுமானியப் பேரரசு இயற்றிய தண்டனைச் சட்டத்தில் அப்படியொரு குற்றமே இல்லை. இந்த உண்மையை நம் மக்கள் அறிய வேண்டும். 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் 377இன் பல்லைப் பிடுங்கியபோது அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் இருந்தது, நம் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும் இருந்தது, தேவாலயக் கூட்டமைப்புகளும் இந்து அமைப்புகளும் இருந்தன. ஒன்றோடொன்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஆகவே இதை முஸ்லிம்களின் குறை என்று யாரும் விரல் நீட்ட வேண்டாம். என் பேச்சை எடுத்து அப்படிப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கிறேன். 2013 டிசம்பர் 11இல் அவர்கள் வென்றார்கள். 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பு ஒரே பாலினத்தாருக்குத் திருமண உரிமையைத் தரவில்லை.

கேரளத்தின் ஆதிலா நஸ்ரின், ஃபாத்திமா நூரா இருவரும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். சவூதியில் பள்ளியில் படிக்கும்போது பழகியவர்கள். 2022இல் நூராவை அவர் வீட்டார் பிரித்துக் கொண்டுபோனபோது ஆதிலா ஆட்கொணர்வு மனுப் போட்டார். மே 31 அன்று கேரள உயர்நீதிமன்றம் நூராவை வரவழைத்தது, சேர்ந்து வாழ விருப்பமா என்று கேட்டது. விருப்பம் என்றார்கள். விஷயம் முடிந்தது. நம் சென்னை உயர்நீதிமன்றத்தில், மதுரையிலிருந்து ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதுபற்றிய அறிவு போதாது என்று சொல்லி, தானே ஓர் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு 2021 ஜூன் 7இல் உத்தரவிட்டார். ‘மாற்றும் சிகிச்சை’ என்ற பெயரில் நடப்பதைத் தடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 2025 மே மாதம், குடும்பம் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்த அதே உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள்.

நீதிமன்றம் இவ்வளவும் தரும். கூட்டிப்போனவர்களிடமிருந்து மீட்டுத் தரும், போலீஸ் பாதுகாப்புத் தரும். ஆனால் அத்தா அம்மா ஹயாத்தாக இருக்கும்போது பெருநாளைக்கு வீட்டுக்கு வா என்ற அழைப்பை அது தராது. மோதினார் வந்து மையத்தைக் குளிப்பாட்டுவதற்கு எந்த ரிட் மனுவும் இல்லை. ஜனாஸாவில் நாற்பது பேர் நிற்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் உத்தரவிட முடியாது. இதையெல்லாம் தரக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வங்கதேசத்தில் மைமன்சிங் நகருக்கு அருகே, பிரம்மபுத்திரா ஆற்றங்கரையில், 2024 மார்ச்சில் ஹிஜ்ராக்கள் தங்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் திறந்தார்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறை, அவ்வளவுதான். ஊர்ப் பள்ளிவாசலில் அவர்களைத் தொழ விடவில்லை. அவர்களில் ஓர் இளையவர் இறந்தபோது ஊர் மையவாடியில் அடக்கவும் விடவில்லை. அதனால் பள்ளிவாசலோடு ஒரு மையவாடியையும் சேர்த்தே அமைத்தார்கள். அரசு நிலம் கொடுத்தது. அந்தப் பள்ளிவாசலை வாழ்த்துகிறேன். ஆனால் அது கட்டப்பட வேண்டியிருந்ததே என்று வெட்கப்படுகிறேன். நம் தமிழ்நாட்டிலும், ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பெண்களின் வழக்கைத் தீர்த்த ஜமாஅத்துகளைப் பார்த்துச் சலித்து, புதுக்கோட்டை ஷரீஃபா கானம் முஸ்லிம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார். கதவு அடைபட்டால் மக்கள் பக்கத்தில் இன்னொரு கதவு வைத்துக்கொள்வார்கள். அதற்குமுன் நம் கதவைத் திறப்பது நமக்குத்தான் நல்லது.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பையன் போக்குச் சரியில்லை, ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடும் என்று நிக்காஹ் பேசுகிறீர்கள். சரியாகாது. எங்கிருந்தோ வரும் ஒரு பெண்பிள்ளை, தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் அந்நியனோடு இரவெல்லாம் விழித்துக் கிடப்பாள். பிறகு குலா (மனைவி கேட்கும் மணவிலக்கு) கேட்டு வந்து நிற்பாள், அல்லது வாய் திறக்காமலே வாடுவாள். இருவரின் உண்மையான சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று நம் மார்க்கம் சொல்கிறது. இருப்பதை மறைத்துச் சம்மதம் வாங்குவது சம்மதம் ஆகாது. மகளுக்கும் இதே கதைதான், அவள் அழுதாலும் கேட்க ஆளில்லை என்பதுதான் வித்தியாசம். மாத்திரை கொடுத்து மாற்ற முடியாது, தாயத்துக் கட்டியும் மாற்ற முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், ஊர் வழக்கத்துக்கும் மத நம்பிக்கைக்கும் ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து இதைச் சொன்னால், அவர் வேறு யாரிடமும் சொல்லத் துணியாததை உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று எண்ணுங்கள். அன்று இரவு சோறு போட்டு, வீட்டிலேயே தூங்கச் சொல்லுங்கள். மற்றதை மெதுவாகப் பேசலாம்.

ஹஜ்ரத்மார்களே, முத்தவல்லிமார்களே, உங்களிடம் நான் ஃபத்வா கேட்கவில்லை. எதையும் ஹலால் ஆக்கச் சொல்லவில்லை. ஜனாஸாத் தொழுகையில் நாம் ஓதும் துஆவை நினைத்துப் பாருங்கள். நம் முறையில் பருவமடைந்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் துஆ ஒன்றுதான். உயிரோடிருப்பவர், இறந்தவர், வந்தவர், வராதவர், சிறியவர், பெரியவர், ஆண், பெண் என எல்லோருக்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்கிறோம். அந்த துஆவிலிருந்து யாரையும் கழித்துவிட்டு ஓத நமக்கு உரிமை இல்லை.

ஆகவே அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எழுதி மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்திடுங்கள். இந்த மஹல்லாவில் பிறந்த யாருடைய மையத்துக்கும், அவர் திருநங்கையாக இருந்தாலும், யாரோடு வாழ்ந்தவராக இருந்தாலும், குளிப்பாட்டும் கஃபனும் ஜனாஸாவும் மையவாடியில் இடமும் மறுக்கப்படாது. பிள்ளை இப்படி என்பதற்காக எந்தக் குடும்பத்தையும் ஜமாஅத் ஒதுக்காது. மிம்பரில் நின்று இவர்களைக் கேவலமாகப் பேசுவதை இந்தப் பள்ளிவாசல் அனுமதிக்காது. இதற்கு எந்த மத்ஹபையும் மாற்ற வேண்டியதில்லை, ஒரு பக்கத் தாள் போதும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடைசி ஸஃப்பிலிருந்து அவசரமாக எழுந்து போகிறவரைப் பார்த்தால், எட்டிப் போய்க் கை கொடுத்து, அவர் பெயரைச் சொல்லி, அடுத்த வாரம் முன்னால் வந்து நில்லுங்கள் என்று சொல்லுங்கள்.